ஓய்வெடுக்க ஒரு வீடு

'ஓய்வு' என்ற சொல்லை நாங்கள் யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. அரசாங்க உத்தியோகத்தர் வயது வந்ததும் ஓய்வு பெறுகிறார். வைத்தியர் நோயாளியை ஓய்வெடுக்கச் சொல்கிறார். வேலையால் வந்த ஆண் சாய்மனைக் கதிரையில் சற்று ஓய்வெடுக்கிறார். ஆனால் நோயில்லாத ஒரு பெண், அதிலும் கணவனை இழந்த பெண், அல்லது கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் காத்திருக்கும் பெண், "நான் நாலு நாள் எங்கையாவது போய்ச் சும்மா இருந்திட்டு வரப்போறன்" என்று சொன்னால் வீட்டிலும் அயலிலும் எழும் முதல் கேள்வி "என்னத்துக்கு?" என்பதுதான்.

கோவிலுக்கு என்றால் போகலாம். ஆஸ்பத்திரிக்கு என்றால் போகலாம். காணாமற்போன பிள்ளைக்காக ஆணைக்குழுவின் முன் சாட்சி சொல்லக் கொழும்புக்கும் போகலாம். வெறுமனே இளைப்பாறப் போவதற்கு மட்டும் அவளுக்கு அனுமதியில்லை. இந்த 'என்னத்துக்கு' என்ற கேள்வியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

2024 பெப்ரவரியில் வன்னியிலிருந்து ஆறு பெண்கள் நுவரெலியாவுக்கு வந்தார்கள். ஒரே கிராமத்து மாதர் சங்கத்தில் சேமிப்பவர்கள். மாதம் 500 ரூபாப்படி இரண்டு வருடம் தனியாகச் சேர்த்ததில் ஆளுக்கு 12,000 ரூபா இருந்தது. அதைக் கோழிக்கூட்டுக்கோ தையல் இயந்திரத்துக்கோ எடுக்காமல், குளிர்நாட்டை ஒருமுறை பார்க்கவென்று வைத்திருந்தார்கள். ஹற்றன் பக்கம் வேலை செய்யும் என்னிடம் தங்க இடம் பார்க்கும் பொறுப்பு வந்தது. நகரத்துச் சந்தடிக்கு அப்பால், அமைதியான ஒரு வீதியில், மூன்று அறைகளும் குசினியும் உள்ள ஒரு விடுமுறை வீடு கிடைத்தது. இரவுக்கு 15,000 ரூபா. மூன்று இரவுக்கு 45,000. ஆளுக்கு 7,500 ரூபா. மிச்சம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஊரில், "புருஷன் இல்லாததுகளுக்கு என்ன உல்லாசப் பயணம்" என்றார்கள். மலையகத்தில் வேறு விதமான மனவருத்தம். அந்த ஆறு பேரில் மூத்தவர் ஹற்றனுக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பின் எட்டு வயதில் தாய் தகப்பனோடு வவுனியாவுக்குப் போனவர். கைக்குழந்தையாக இருந்த தங்கை அம்மாயியோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டார். இப்போதும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறார். அந்தத் தங்கையின் கணவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "நம்ம வீடு இருக்கையில காசு குடுத்து அடுத்தவங்க வீட்டுல தங்குறதா மிஸ்? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. வீடு இருக்க வெளியில் தங்கினால் உறவை மதிக்கவில்லை என்றுதான் எங்கள் சனம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அந்த வீட்டையும் நாங்கள் பார்க்கவேண்டும். கோப்பிக் காலத்தில் தொடங்கிய லயம் அது. ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதில் பாதி அடுப்படி. அதற்குள் ஏற்கனவே ஐந்து பேர். இன்னும் ஆறு பேர் வந்தால் அந்த வீட்டுப் பெண் இரவில் இருக்க இடமில்லாமல், காலையில் தண்ணீர் பிடித்து, எல்லோருக்கும் சமைத்து, வேலைக்குப் போகாமல் நிற்கவேண்டும். நின்றால் அன்றைய பேர் விழாது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக இருந்த காலம் அது. அன்பு பெரிதாக இருந்தாலும் அறை சிறிதாகத்தான் இருக்கிறது. அறையைச் சிறிதாகக் கட்டியது அந்தக் குடும்பம் அல்ல. அந்த வீட்டின் சுவரும் கூரையும் கூட அவர்களுக்குச் சொந்தமல்ல, தோட்டத்துக்குச் சொந்தம். இருநூறு வருடங்களாக இந்த மலைகளில் வாழும் மக்களில் பலருக்கு வீட்டு உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்குவது வேறு, தங்குவது வேறு. போரில் இடம்பெயர்ந்த பெண்கள் எத்தனையோ கூரைகளுக்குக் கீழ் படுத்திருக்கிறார்கள். உறவினர் வீடு, பாடசாலை வகுப்பறை, தேவாலய மண்டபம், தறப்பாள் கொட்டில், கடைசியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கே பழகியவை உடம்பை விட்டுப் போகவில்லை. ஒதுங்கியிருப்பவள் வீட்டுக்காரருக்கு முன் எழும்புவாள். குறைவாகச் சாப்பிடுவாள். பிள்ளை அழுதால் வாயைப் பொத்துவாள். கேட்காமலே முற்றம் கூட்டுவாள். இருக்க இடம் தந்த கடனை ஒவ்வொரு நாளும் வேலையால் அடைத்துக்கொண்டே இருப்பாள். தங்குபவளுக்கு அந்தக் கடன் இல்லை. அவள் பேசிய காசைக் கொடுத்திருக்கிறாள். திறப்பு அவள் கையில் இருக்கிறது. அந்த நாட்களுக்கு அது அவளுடைய வீடு. எங்கள் பெண்களில் எத்தனை பேர் தங்கள் வாழ்நாளில் ஓர் இரவாவது இப்படித் தங்கியிருக்கிறார்கள்?

நுவரெலியா என்ற நகரமே ஓய்வுக்காக உருவாக்கப்பட்டது என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது. 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் இங்கே நோயுற்ற வெள்ளைக்காரப் படையினருக்கு ஒரு சுகவாசத்தலத்தை ஏற்படுத்தினார். தனக்கென்று ஒரு மாளிகையும் கட்டினார். அந்த மாளிகைதான் பின்னர் கிராண்ட் ஹோட்டலாக மாறியது. 1848இல் சாமுவேல் பேக்கர் வந்து ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை அமைக்க முயன்றார். 1876இல் தோட்டத்துரைமாருக்காக ஹில் கிளப் தொடங்கப்பட்டது. 1885இல் புகையிரதம் நானுஓயா வரை வந்ததும் கொழும்புச் சூட்டுக்குத் தப்பிக் குடும்பம் குடும்பமாக வந்து தங்கத் தொடங்கினார்கள். அவர்கள் இளைப்பாறிய அந்த மலைகளைச் சுற்றி, மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் கூடை சுமந்தார்கள்.

இன்றும் இந்த நிலை முழுதாக மாறவில்லை. பழைய துரை பங்களாக்கள் பல இப்போது உல்லாச விடுதிகள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பங்களாக்களில் 2005 முதல் வெளிநாட்டவர் தங்குகிறார்கள். கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகியிருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது கொழுந்து எடுக்கும் பெண்கள் அழகான காட்சி. அந்தக் காட்சியில் நிற்கும் பெண் ஜன்னலுக்கு உட்புறம் ஒருநாளும் படுத்ததில்லை. மூத்தவரின் தங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹற்றனிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வந்திருக்கிறார். ஓர் இரவுகூட இந்த நகரத்தில் தங்கியதில்லை.

இனி அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் விடிய நாலரைக்கு ஆறு பேரும் எழும்பிவிட்டார்கள். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஒருவர் முற்றம் கூட்டினார். ஒருவர் கழிப்பறை கழுவினார். ஒருவர் போர்வைகளை மடித்து அடுக்கினார். எட்டு மணிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் பெண் வந்தார். அண்மைத் தோட்டத்தில் இருந்து வருபவர். கொழுந்து மட்டமான நாட்களில் இப்படி வீடுகளுக்கு வருவார். சம்பளம் நாளுக்கு 1500 ரூபா. வாசலில் நின்று உள்ளே பார்த்தவர் முகம் வாடிப்போனது.

"அக்கா, எல்லாத்தையும் நீங்களே செஞ்சிட்டா நாளைக்கி எனக்கு வேல இல்லன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர், "தெரியாமச் செய்திட்டம் தங்கச்சி. இனித் தொடமாட்டம். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடங்குங்கோ" என்றார்.

சமூகவியலில் 'இரண்டாவது பணிமுறை' என்று ஒரு கருத்து உண்டு. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொச்சைல்ட் 1989இல் வெளியிட்ட நூலுக்கும் அதுவே பெயர். வெளியே சம்பள வேலை முடித்து வரும் பெண்ணுக்கு வீட்டில் சம்பளமில்லாத இன்னொரு வேலை காத்திருக்கிறது என்பதே அதன் சாரம். எங்கள் பெண்களுக்கு அந்த இரண்டாவது வேலை பழகிப் பழகி, வேலை செய்யாவிட்டால் குற்றம் செய்ததுபோல நெஞ்சு குறுகுறுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் குறுகுறுப்பு இங்கே இன்னொரு பெண்ணின் நாட்சம்பளத்தைத் தொட்டது. ஓய்வெடுக்கத் தெரியாமல் இருப்பது எங்களை மட்டும் பாதிக்கும் காரியம் அல்ல என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

இரண்டாம் நாள் இரவு ஒன்பதரை மணியிருக்கும். கதவு தட்டப்பட்டது. அதுவரை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த ஆறு பேரும் ஒரே நொடியில் அமைதியானார்கள். ஒருவர் லைற்றை அணைத்தார். இருவர் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடினார்கள். கதவுக்கு வெளியே நின்றது வீட்டுச் சொந்தக்காரர். குளிர் கூட என்று இன்னும் நாலு கம்பளிப் போர்வை கொண்டுவந்திருந்தார்.

பதினைந்து வருடம் கழிந்தும் ஒரு தட்டல் இப்படிச் செய்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நகரத்தில் வாடகை அறை என்பது எங்களுக்கு ஓய்வின் இடமாக இருந்ததில்லை. விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் கொழும்பு லொட்ஜுகளில் தங்கிய தமிழர்கள் நள்ளிரவுச் சோதனைக்கும் பொலிஸ் பதிவுக்கும் பயந்து பயந்தே படுத்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெண்கள் 85 பேர். பெரும்பாலானோர் வவுனியாவில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு வழங்கியது. காசு கொடுத்துத் தங்கிய அறைக்கும் பாதுகாப்பில்லை என்று அன்று கற்றுக்கொண்ட ஒரு சமூகம், அது உயர் நீதிமன்றம் தடுத்த காரியம் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கவேண்டும். தங்கும் உரிமை யாரும் இரங்கித் தருவதல்ல.

1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் சம்பளத்துடனான விடுமுறையும் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. அதற்கு முந்திய மாதம்தான் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாட்டில் இருக்கும் உரிமைக்கே பல பத்தாண்டுகள் போராடியவர்களுக்கு ஓய்வு உரிமையைக் கேட்க எங்கே நேரம் இருந்தது?

இப்படி ஒரு பயணத்தை உங்கள் சங்கமும் யோசித்தால், சில விடயங்களை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

காலம்: ஏப்ரலில் நுவரெலியாவில் 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல். வாடகையும் பல மடங்கு ஏறும். மற்ற மாதங்களில், வாரநாட்களில் போனால் மலிவு, அமைதியும் கிடைக்கும். ஜனவரி, பெப்ரவரியில் சில இரவுகளில் குளிர் பூச்சியம் பாகையை அண்மிக்கும். உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்களுக்கும் பழைய காயம் உள்ளவர்களுக்கும் குளிரில் நோவு கூடும். கால்மேசும் கம்பளிச் சட்டையும் மருந்தும் மறக்கவேண்டாம்.

வாடகை: வீட்டுக்கா, ஆளுக்கா, ஓர் இரவுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். காஸ், சுடுதண்ணீர், மேலதிகப் போர்வை அதற்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள். முற்பணம் கட்டினால் துண்டு வாங்குங்கள், அல்லது தொலைபேசியில் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். இப்படியான வீடுகள் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்ய வழியுண்டு. பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பாதுகாப்பு: எல்லா அறைகளுக்கும் உட்பக்கத் தாழ்ப்பாள் உண்டா, இன்னொரு திறப்பு யாரிடம் இருக்கிறது, அதே வளவில் வேறு யார் தங்குகிறார்கள் என்று கேளுங்கள். செயற்கைக் கால் போட்டவர் இருந்தால் படிக்கட்டு எத்தனை, கழிப்பறை எப்படிப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை விடுதிகளில் பதிவது வழக்கம். இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கரிச்சட்டி: குளிருக்குக் கரி மூட்டிப் படுக்கையறைக்குள் வைக்கவே கூடாது. மூடிய அறையில் எரியும் கரி காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே உயிர் போய்விடும்.

பாதை: வவுனியாவிலிருந்து கண்டி வந்து, அங்கிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு பஸ் ஏறலாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் மலையகத்தில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தன. ஆகவே புறப்படுமுன் எது ஓடுகிறது என்று கட்டாயம் விசாரியுங்கள். கடும் மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. சுத்தம் செய்ய வரும் பெண்ணின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவருடைய வேலையை அவருக்கு விடுங்கள். அவரைச் சுமைப்படுத்தாமல் நடந்துகொள்ளுங்கள். புறப்படும்போது உங்களால் இயன்றதை அவர் கையிலேயே கொடுங்கள்.

அந்த ஆறு பேரும் மூன்றாம் நாள் என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஹக்கலைப் பூந்தோட்டத்துக்கும் சீதையம்மன் கோவிலுக்கும் போவதாக இருந்தது. நாலு பேர் போனார்கள். ஒருவர் காலை ஒன்பது மணி வரை நித்திரை கொண்டார். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இப்படிப் படுத்ததில்லை என்று எழும்பியபின் சொன்னார். மூத்தவர் பஸ் நிலையத்துக்குப் போய்த் தங்கையைக் கூட்டிவந்தார். தங்கை ஒருநாள் பேரை விட்டுவிட்டு, மாமாவாட்டுக்குப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரவு அக்காளும் தங்கையும் ஒரே கட்டிலில் படுத்து அம்மாயியைப் பற்றியும், பதுங்குகுழியில் இறந்துபோன தாயைப் பற்றியும் விடியுமட்டும் கதைத்தார்கள். லயத்தில் இருந்திருந்தால் அவர்களுக்கு அந்தக் கதைக்கு இடமிருந்திராது. மச்சானின் மனவருத்தமும், அக்கா மறுநாள் தோட்டத்துக்கும் போய் ஒரு வேளை சாப்பிட்டு வந்ததில் தீர்ந்துவிட்டது.

ஆக, 'என்னத்துக்கு' என்ற கேள்விக்குப் பதில் உண்டு, சகோதரிகளே. அழுவதற்கும் ஓர் இடம் வேண்டும், சிரிப்பதற்கும் ஓர் இடம் வேண்டும், ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கும் ஓர் இடம் வேண்டும். அதை நாங்கள் எங்கள் உழைப்பில் சேர்த்த காசில் தேடிக்கொள்வதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நுவரெலியாதான் என்றில்லை. திருகோணமலைக் கடற்கரையாக இருக்கலாம், பக்கத்து ஊராகவும் இருக்கலாம். உங்கள் சங்கச் சேமிப்புப் புத்தகத்தில் கடன், கல்வி, அவசரம் என்று பிரித்து எழுதும்போது 'ஓய்வு' என்றும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாதம் 200 ரூபாவோடு தொடங்கினாலும் போதும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். என்ன முடிவெடுத்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.